பழைய இரும்புக்குப் போன சைக்கிள்கள்

அண்மையில் ஊர் வீட்டின் பின்தாவாரத்தில் துருப்பிடித்துக் கிடந்த றலி சைக்கிளைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுத்தேன். "ரயர், ரியூப் எல்லாம் கழட்டிப்போட்டியளோ ஐயா?" என்று மட்டும் கேட்டார். இறப்பருக்கு அவரிடம் விலையில்லை.

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளை எறிவதென்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் பற்றரியும் அரிதாயின, மின்சாரமும் நின்றுபோயிற்று. நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் சைக்கிளிலேயே போயின. இரவில் அதைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டோம். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். ஓடமுடியாத சைக்கிளின் சில்லு வேறொரு சைக்கிளுக்குப் போனது. கிழிந்த ரியூப் கரியரில் சாமான் கட்ட உதவியது. வெறும் றிம்மைச் சிறுவர்கள் தடியால் உருட்டித் திரிந்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் பெயர்ந்தபோது நெரிசலில் சைக்கிளை ஓட்ட இயலவில்லை. மூட்டைகளை ஏற்றி உருட்டினார்கள். நடக்கமாட்டாத தாய் தந்தையரைக் கரியரில் இருத்தித் தள்ளினார்கள்.

2009 இல் வன்னியிலும் அதே காட்சிதான். விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று சனங்கள் நகர நகரச் சைக்கிளும் கூடவே சென்றது. மே நடுப்பகுதியில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்களிற் பலரிடம் ஒரு பைகூட இருக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற சைக்கிள்கள் போர் முடிந்தபின் குவியல் குவியலாகக் கிடந்தன. மீளக்குடியேறியவர்களிற் சிலர் தங்களுடையதை அவற்றுக்குள் தேடினார்கள். மிஞ்சியவை பழைய இரும்பாயின.

சைக்கிளுக்கும் உள்ளூராட்சி மன்றங்கள் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் கொடுத்துவந்த நாடு இது. பிறேமிலும் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். அந்த இரும்பை உருக்குமுன் இலக்கங்களையாவது எழுதிவைத்திருக்க வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் காணாமற்போனவராயின், அவர் அவ்விடம்வரை வந்தார் என்பதற்கு அதுவும் ஒரு தடயமாகியிருக்கும். பத்திரிகையாளர்களாகிய நாங்கள் குவியலைப் படம்பிடித்தோம். இலக்கங்களைக் குறிக்க எங்களுக்கும் தோன்றவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் பலரின் ஊர் வீடுகளிலும் இவ்வாறான சைக்கிள்கள் சுவரோடு சாய்ந்து கிடக்கின்றன. பயன்படக்கூடிய சில்லையும் செயினையும் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ரயரைக் கொளுத்த விடாதீர்கள். அதன் கரும்புகை அயல்வீட்டுக் கிணற்றடிவரை படியும். பிறேமை இரும்புக்குக் கொடுக்கலாம். கொடுக்குமுன் இருக்கைக்குக் கீழேயோ பெடல் அச்சின் அடியிலோ துருவைச் சுரண்டிப் பார்த்தால் இலக்கம் தெரியும். யாருடைய சைக்கிள், எங்கெல்லாம் போய்வந்தது என்பதோடு சேர்த்து அதனை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.