25 துளை மர்மம்

1980-களில் வந்த கம்ப்யூட்டர் ஏதாவது கிடைத்தால் அதைத் திருப்பி முதுகைப் பாருங்கள். அகலமாக ஒன்று, குட்டையாக ஒன்று, வட்டமாக ஒன்று என்று வரிசையாகத் துளைகள். பக்கத்தில் பெயர் எழுதியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பல மெஷின்களில் வெறும் படம்தான் இருக்கும். சிலவற்றில் அதுவும் கிடையாது. ‘எது பொருந்துகிறதோ அதைச் செருக வேண்டியதுதானே, இதிலென்ன கஷ்டம்?’ என்று தோன்றும். அங்கேதான் வில்லங்கம்! பழைய மெஷின்களைக் கொல்வது பெரும்பாலும் பொருந்தாத ஒயர் அல்ல. கச்சிதமாகப் பொருந்துகிற ஒயர்.

கதை 1952-ல் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் கேனன் நிறுவனம், ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவத்தில் ஒரு கனெக்டரைக் கொண்டுவந்தது. ஏன் ‘டி’? தலைகீழாகச் செருக முடியாது, அதனால். நல்ல யோசனைதான். ஆனால் உள்ளே என்ன ஓட வேண்டும் என்று கேனன் சொல்லவில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை. வீட்டைக் கட்டி ‘டு லெட்’ போர்டு மாட்டிய மாதிரி. யார் வேண்டுமானாலும் குடிவரலாம். வந்தார்கள்!

25 பின் வீட்டுக்கு முதலில் வந்த முக்கியமான வாடகைதாரர் ஆர்.எஸ்.232. மோடத்தையும் டெர்மினலையும் இணைக்க 1960-ல் பிறந்த ஏற்பாடு. இதன் ஒயர்களில் கூட்டல் 12, கழித்தல் 12 வோல்ட் எல்லாம் சர்வசாதாரணம்.

அடுத்தவர் பிரின்டர். இவர் வந்த கதை வேடிக்கையானது. 1970-ல் சென்ட்ரானிக்ஸ் கம்பெனி தன் பிரின்டருக்கு ஒரு 36 பின் கனெக்டரைத் தேர்ந்தெடுத்தது. காரணம்? தாய்க் கம்பெனியான வாங் லேபாரட்டரீஸிடம் கால்குலேட்டருக்கு வாங்கியதில் மிச்சமாகி அது மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அவ்வளவுதான்! அந்த மிச்சச் சரக்குதான் உலகமெங்கும் பிரின்டர் முதுகில் இருபது, முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தது. 1981-ல் ஐ.பி.எம். தன் பி.சி.யைக் கொண்டுவந்தபோது, ஒயரின் பிரின்டர் முனையில் அதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முனையில் 25 பின் கனெக்டரைப் போட்டது. ஆர்.எஸ்.232-வும் அதே 25. குழப்பம் வராமலிருக்க ஒரு வழி செய்தார்கள். பிரின்டருக்குத் துளை, ஆர்.எஸ்.232-க்கு ஊசி.

பிரச்னை தீர்ந்ததா? எங்கே! 1985-ல் வந்த அமீகா 1000 இதை அப்படியே தலைகீழாக்கியது. பிரின்டருக்கு ஊசி, ஆர்.எஸ்.232-க்குத் துளை. 1986-ல் வந்த மேக்கின்டோஷ் ப்ளஸ்ஸிலும் 25 துளை உண்டு. ஆனால் அது பிரின்டருக்கே அல்ல; ஹார்டு டிஸ்க் மாட்டுகிற ஸ்கஸி. பி.சி. பிரின்டர் ஒயர் அதில் அழகாகப் போய் உட்காரும். ஆனால் பிரின்டர் கணக்கில் கிரவுண்டாக இருக்கிற 21, 22, 23-ம் பின்களில்தான் மேக் தன் டேட்டாவை அனுப்புகிறது!

9 பின் கதை இன்னும் மோசம். 1977-ல் அட்டாரியின் வீடியோ கேம் பெட்டியில் அது ஜாய்ஸ்டிக்குக்கு. 1982-ல் வந்த கமோடோர் 64-லும் அப்படியே. 1981 பி.சி.யில் மானிட்டருக்கு. 1984-ல் பி.சி. ஏ.டி.யில் ஆர்.எஸ்.232-க்கு. கமோடோரின் ஜாய்ஸ்டிக் பின்கள் நேரே 6526 என்ற சிப்புக்குப் போகின்றன. 5 வோல்ட்டுக்குப் பிறந்த சிப். அதில் 12 வோல்ட் அனுப்பும் மோடத்தை யாராவது செருகினால்..? அந்த கமோடோர் கம்பெனியே 1994-ல் திவாலாகிவிட்டது. போன சிப்புக்கு இன்னொரு செத்த மெஷினிலிருந்து உறுப்பு தானம் வாங்க வேண்டி வரலாம்.

பெட்டிக்கு உள்ளேயும் ஆபத்து உண்டு. அந்தக் காலத்து பி.சி.க்களில் மதர்போர்டுக்குக் கரன்ட் கொடுக்க பி8, பி9 என்று ஒரே உருவத்தில் இரட்டைப் பிறவிகள். இடம் மாறினால் மதர்போர்டு காலி. ‘கறுப்பும் கறுப்பும் நடுவில் பக்கம் பக்கமாக’ என்பதுதான் மெக்கானிக்குகளின் மந்திரம். 1995-ல் ஏ.டி.எக்ஸ். வந்து, தப்பாகச் செருகவே முடியாத ஒற்றைக் கனெக்டரைக் கொடுத்த பிறகுதான் நிம்மதி.

சரி, முன்பின் தெரியாத துளையை எப்படி அடையாளம் காண்பது? உருவத்தை நம்பாமல் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டும். முதலில் கரன்ட்டை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ‘பீப்’பில் வைத்து, ஒரு முனையைப் பெட்டியின் உலோகத்தில் தொட்டுக்கொண்டு, எந்தெந்தப் பின்கள் கிரவுண்ட் என்று பாருங்கள். 18 முதல் 25 வரை வரிசையாகக் கத்தினால் அது பி.சி. பிரின்டர் போர்ட். 7 மட்டும், அல்லது 1-ம் 7-ம் என்றால் ஆர்.எஸ்.232 என்று சந்தேகப்படலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் ஸ்கஸியாக இருக்கலாம்.

பிறகு மூடியைத் திறந்து, துளையிலிருந்து போகும் செம்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போங்கள். அது எந்த சிப்பில் முடிகிறது என்று நம்பரைப் படியுங்கள். 1488, 1489 என்றால் ஆர்.எஸ்.232. 5380 என்றால் ஸ்கஸி. கனெக்டர் பொய் சொல்லும்; சிப் சொல்லாது.

இதெல்லாம் பழங்கதை என்கிறீர்களா? 2014-ல் யூ.எஸ்.பி. ‘சி’ வந்தது. ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பரிலிருந்து புது செல்போன்களுக்கு அதைக் கட்டாயமாகவே ஆக்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே துளை. ஆனால் ஒரு ஒயர் சார்ஜ் மட்டும் ஏற்றும், இன்னொன்று மானிட்டரில் படமே காட்டும். பார்க்க இரண்டும் ஒன்றுதான். மறுபடியும் ‘டு லெட்’ போர்டு!

முன்னேற்றம் என்னவென்றால், இப்போது இரண்டு முனைகளும் ‘நீ யார், உனக்கு எவ்வளவு வேண்டும்?’ என்று விசாரித்துக்கொண்ட பிறகுதான் 5 வோல்ட்டுக்கு மேல் பேசுகின்றன. பழைய பெட்டிகளுக்கு அந்த விசாரணையை நாம்தான் செய்தாக வேண்டும்... செருகுவதற்கு முன்னால்!