போர்க்காலத்தில் பிறந்த தன்னாட்சி

1914இல் மூண்ட உலகப் போர், தமிழகத்தில் பணியாற்றிய லைப்சிக் மிஷனெரிமாரைப் பிரித்தானிய அரசின் பார்வையில் பகைநாட்டாராக்கிற்று. அவர்களுள் பெரும்பாலோர் காவலில் வைக்கப்பட்டுப் பின்னர் தாய்நாட்டிற்கு அனுப்பப்பட்டனர். சுவீடன் மிஷன் பணிகளைத் தாங்கிற்று. சபையாரோ சிதறிவிடவில்லை, 1919 ஜனவரி 14இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று.

ஆயினும் பொருளுதவி கடல் கடந்தே வந்தது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி அச்சார்பின் பலவீனத்தை வெளிப்படுத்திற்று. தஞ்சையில் நெல்விலை சரிந்தது. ஜெர்மானிய அரசு அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்திற்று. 1939இல் மீண்டும் போர், மீண்டும் காவல். 1956இல்தான் ராஜா பூஷணம் மாணிக்கம் முதல் இந்தியப் பேராயரானார்.

அயலார் பொருளால் வாழும் சபை, அயலாரின் போர்களுக்கும் பங்காளியாகிறது. உபத்திரவம் நம்மைச் சுயாதீனத்திற்கு நெருக்கிற்று. அமைதிக்காலத்தில் நாமே அதனைத் தெரிந்துகொள்வோமா?