முப்படைக்கும் ஒரே வாசல்

புனே அருகே வாகடிலிருந்து புறவழிச்சாலையில் தெற்கே போனால் சாந்தனி சௌக். அங்கே பிரியும் சாலை கடக்வாஸ்லாவிலுள்ள தேசிய பாதுகாப்பு அகாடமிக்குப் போகிறது. தரைப்படையா, கடற்படையா, விமானப்படையா என்று வீட்டில் நடக்கும் வாக்குவாதம் இங்கே பெரும்பாலும் செல்லாது. மூன்று ஆண்டுகள் எல்லோருக்கும் ஒரே விடுதி, ஒரே மைதானம்.

1949 ஜனவரியில் டேராடூனில் இந்தக் கூட்டுப் பயிற்சி தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் நேரு கடக்வாஸ்லாவில் அடிக்கல் நாட்டினார். 1955இல் அகாடமி திறந்தது. அதன் சூடான் பிளாக், இரண்டாம் உலகப் போரில் இந்திய வீரர்கள் செய்த தியாகத்துக்கு நன்றியாகச் சூடான் தந்த பணத்தில் எழுந்தது. அந்த ஒரு லட்சம் பவுண்டில் இந்தியாவுக்குக் கிடைத்தது 70,000. தேசப் பிரிவினை நன்கொடையையும் விட்டுவைக்கவில்லை!

இங்கே எல்லோரும் ஒன்றாகப் பயின்றாலும், எந்தப் படை என்ற விருப்பத்தை விண்ணப்பத்திலேயே வரிசைப்படுத்த வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படிக்காதவருக்குத் தரைப்படை மட்டுமே.

2022இல் பெண்களும் சேர்ந்தனர். அவர்களில் முதல் 17 பேர் 2025 மே மாதம் தேறினர்.