கொம்பெசியோனாயரு: முத்துக்குளித்துறையில் ஆத்தும சோதனையின் வரலாறு

தமிழ் எழுத்தில் அச்சான தொடக்க நூல்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1578இன் ‘தம்பிரான் வணக்க’த்தோடு நின்றுவிடுகிறார்கள். ஓரடி கூடப் போகிறவர்கள் 1579இன் ‘கிரிசித்தியானி வணக்க’த்தைத் தொடுவார்கள். 1580இல் கொச்சியில் அச்சான அடுத்த நூலுக்குப் பட்டியலில் ஒரு வரி கிடைப்பதே அரிது. அதன் பெயர் ‘கொம்பெசியோனாயரு’. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஒருவர் தம்மைத் தாமே ஆராய்ந்து பார்க்க உதவும் கையேடு அது. எழுதியவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் போர்த்துக்கீசியச் சேசு சபைக் குரு என்றிக்கே என்றிக்கஸ். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த முத்துக்குளித்துறைக் கரையில் வாழ்ந்து 1600இல் மறைந்தவர்.

இந்த நூலை இப்போது எடுத்துப் பேசக் காரணம் உண்டு. தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரத்துக் கோயில்களில், கத்தோலிக்கமானாலும் சி.எஸ்.ஐ. ஆனாலும், இப்போதெல்லாம் ஒரே குறை கேட்கிறது: செல்பேசி வந்தபின் யாருக்கும் தன்னைப் பார்த்துக்கொள்ளப் பொழுதில்லை. இந்தக் குறைக்குள் ஒரு வரலாற்றுக் கணக்கு ஒளிந்திருக்கிறது. முன்பு உள்ளுக்குள் அமைதி இருந்தது, ஊடகம் வந்து அதைக் கெடுத்தது என்பதே அந்தக் கணக்கு. குறைந்தபட்சம் இந்தக் கரையைப் பொறுத்தவரை அது சரியல்ல என்பது என் வாதம். இங்கே தன்னை ஆராயும் பழக்கம் எழுத்துக்கு வந்ததே அன்றைய புத்தம்புது ஊடகமான அச்சின் முதுகில் ஏறித்தான்.

பெய்லியின் வாசிப்பும் அதன் எல்லையும்

இந்த வாதத்துக்கு முதல் தடை, பரதவர் கிறிஸ்தவம் பற்றி எழுதியவர்களில் மிகவும் செல்வாக்குப் பெற்ற சூசன் பெய்லி. 1981இல் ஒரு கட்டுரையிலும், பிறகு 1989இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ‘செயிண்ட்ஸ், காடஸ்ஸஸ் அண்ட் கிங்ஸ்’ நூலிலும் அவர் முன்வைத்த கருத்தின் சாரம் இது: 1530களில் பரதவர் திருமுழுக்குப் பெற்றது அரசியல் கூட்டணி. முத்துக்குளிப்பில் போட்டியிட்டவர்களுக்கு எதிராகப் போர்த்துக்கீசியரின் துணை தேவைப்பட்டது. மனமாற்றம் என்று நாம் பொருள்கொள்வது அங்கே நடக்கவில்லை. பிறகு அந்த மதம் சாதியின் உடைமையாயிற்று. சாதித்தலைவர், பனிமய மாதா, தேர், கோயில் மரியாதை ஆகியவை சேர்ந்து பரதவரை ஒரு கிறிஸ்தவச் சாதியாக வார்த்தன.

இந்த வாசிப்பின் வலிமையைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தபின் சாதித்தலைவரின் செல்வாக்கு எப்படி வளர்ந்தது, 1713இல் எழுந்த மாதா கோயில் எப்படி அதன் மையமானது, 1806இல் ஓடிய தங்கத்தேரில் தலைவருக்கு என்ன இடம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேசைக்காரர் (மேல்தட்டினர்)–கமாரக்காரர் (எளிய மீனவர்) பிணக்கு, போர்த்துக்கீசிய அரசின் பதுரவாதோவுக்கும் உரோமையின் புரொபகாந்தாவுக்கும் இடையிலான சண்டையோடு எப்படிப் பின்னிக்கொண்டது என்பவற்றை அவரைப்போல் கோத்துக் காட்டியவர் இல்லை. தேர் வடத்தை யார் முதலில் தொடுவது என்ற தகராறில் ஒரு சமூகத்தின் முழு அடுக்கையும் படித்துவிடலாம் என்று கற்றுத்தந்தவர் அவர்.

ஆனால் என் முதல் மறுப்பு இது: அவர் கேட்ட கேள்வி, ‘இந்த மதம் இந்தச் சாதிக்கு என்ன செய்தது?’ என்பது. சாதியைக் கேட்டால் சாதிதான் பதில் சொல்லும். அவர் கையாண்ட சான்றுகளின் தன்மையும் அப்படி. வழக்குப் பதிவு, அரசு ஆவணம், முறையீட்டு மடல் ஆகிய எல்லாமே சண்டையில் பிறந்த காகிதங்கள். வடத்துக்காக மனிதர்கள் வழக்குப் போடுவார்கள். மனச்சாட்சிக்காக யாரும் நீதிமன்றம் போவதில்லை. ஆவணத்தில் உள்மனம் தென்படவில்லை என்பதால் கரையிலும் அது இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது மறுப்பு திருவிழாவைப் பற்றியது. பெய்லியின் சித்திரத்தில் பனிமய மாதா பெருவிழாவான ஆகஸ்டு 5 என்பது சாதி தன்னை ஊருக்குக் காட்டிக்கொள்ளும் நாள். உண்மைதான். ஆனால் இந்தக் கரையில் வளர்ந்த எவருக்கும் இன்னொன்றும் தெரியும். கொடியேற்றம் முதல் பெருவிழா வரை பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன்னால் நிற்கும் வரிசை ஆண்டின் மற்ற நாட்களில் இருக்காது. தேர் பார்க்க வந்தவர்தான் முழந்தாளில் நின்று நற்கருணைக்குத் தம்மை ஆயத்தம் செய்கிறார். வெளிப்பகட்டு ஒரு பெட்டி, உள்ளாராய்ச்சி வேறொரு பெட்டி என்று பிரித்தால் இந்த வரிசையை எந்தப் பெட்டியில் வைப்பது? இன்றைய வழக்கத்தை வைத்துப் பதினாறாம் நூற்றாண்டைச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் பிரிந்தே இருந்தன என்பதற்கும் சான்று இல்லை.

மூன்றாவது மறுப்புதான் கொம்பெசியோனாயரு. பெய்லியின் வாதத்தின் எடை எங்கும் இந்நூல்மேல் விழவில்லை. பாவசங்கீர்த்தன உரையாடல்களை ஆராய்ந்த வரலாற்றாளர் இனேஸ் ஜுபானோவின் 2012ஆம் ஆண்டுக் கட்டுரை அந்தக் கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவு வழியாக ஒரே ஓர் எழுத்தைப் பார்க்க விரும்புகிறேன்.

ஒரு மகர ஒற்று

அண்டிரிக் அடிகளாரின் நூற்பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலாவது, தம்பிரான் வணக்கம்: இரண்டும் தமிழ்ச் சொற்கள், அதிலும் ‘தம்பிரான்’ சைவ மடத்து வாடையுள்ள சொல். இரண்டாவது, கிரிசித்தியானி வணக்கம்: பாதி இரவல், பாதி தமிழ். மூன்றாவதில் தமிழ்ச் சொல்லே இல்லை. தமிழ் கற்கக் கற்க ஒருவருடைய நூற்பெயர்கள் தமிழிலிருந்து விலகிப் போவானேன்? 1549 வாக்கிலேயே தமிழுக்கு இலக்கணக் குறிப்பு எழுதியவர் அவர். ‘பாவம் சொல்லும் முறை’ என்று பெயரிடத் தெரியாதவர் அல்ல.

விடை அந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டலில் இருப்பதாக நினைக்கிறேன். போர்த்துக்கீசியத்தில் இச்சொல் ‘கொன்ஃபெ–’ என்று தொடங்கும். காகிதத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து மாற்றியிருந்தால் ‘கொன்பெசியோ–’ என்று வரவேண்டும். வந்திருப்பது ‘கொம்பெ–’. ஃப் ஒலி பகரமாகி, அதன் முன் நின்ற னகரம் மகரமாகிவிட்டது. அன்றைய அச்சில் புள்ளி கிடையாது. எ–ஏ, ஒ–ஓ வேறுபாடும் கிடையாது. ஆகவே நெடிலா குறிலா என்பதில் வாசிப்புப் பிழை வரலாம். னகரத்தையும் மகரத்தையும் குழப்பிக்கொள்ள வழியில்லை.

வல்லினப் பகரத்துக்கு முன் மெல்லின மகரம் நிற்பது தமிழ் வாய்க்கு இயல்பு. இச்சொல் அச்சுக்கோப்பவரின் மேசையில் பிறந்திருந்தால் இந்த மகரத்துக்கு வேலையில்லை. கடற்கரைக் குடிசைகளில், உபதேசியார் வாயிலும் கிழவிகள் வாயிலும் நாற்பது ஆண்டுகள் புழங்கித் தேய்ந்த பிறகே அது அச்சேறியிருக்க வேண்டும். மேற்குக் கரையில் இச்சொல்லின் போர்த்துக்கீசிய வினையிலிருந்து மலையாளம் பெற்ற ‘கும்பசாரம்’ என்ற சொல்லிலும் அதே மகரம் நிற்கிறது. நூலுக்குத் தமிழ்ப் பெயர் வைக்காததன் காரணமும் இப்போது விளங்கும்: மக்கள் ஏற்கெனவே வைத்திருந்த பெயர் போதுமானதாக இருந்தது. சாதிக்கூட்டத்தின் அரசியல் முடிவாக மட்டுமே ஒரு மதம் இருந்திருந்தால், பாவத்தைத் தனித்தனியே சொல்லும் சடங்கின் பெயர் இவ்வளவு தேய்ந்திருக்காது.

ஓர் எழுத்தின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்பது நியாயம். தமிழ் நன்கறிந்த எழுத்தர் ஒருவர், எவர் வாயிலும் புழங்காத சொல்லையும் புணர்ச்சிப் பழக்கத்தால் ‘கொம்பெ–’ என்றே எழுதியிருக்கலாம். அதை மறுக்க என்னிடம் சான்றில்லை. எனினும் நூற்பெயர் இரவலாகவே நின்றதையும் மலையாள வடிவையும் சேர்த்துப் பார்க்கும்போது, பேச்சு வழக்கு என்ற பக்கமே தராசு தாழ்கிறது.

கணக்கும் கணக்கப்பிள்ளையும்

பிரான்சிஸ் சவேரியார் ஊருக்கு ஊர் செபம் சொல்லித்தர நியமித்தவர்கள் கணக்கப்பிள்ளைகள். அந்தப் பதவிப் பெயர் அப்படியே கோயிலுக்குள் வந்தது தற்செயல் அல்ல. கணக்கு என்பது சேசு சபையின் தன்னாய்வு முறைக்கும் அடிப்படை. அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சி நூலில் ஒரு படம் உண்டு. நாளுக்கு இரண்டு கோடுகள்: ஒன்று மதியச் சோதனைக்கு, மற்றது இரவுச் சோதனைக்கு. குறித்த குற்றத்தில் எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளிகளைக் கோட்டின்மேல் இட வேண்டும். வாரம் நகர நகரக் கோடுகள் சிறுத்துக்கொண்டே போகும். அச்சில் புள்ளி இல்லாத காலத்தில் ஆத்துமக் கணக்கில் புள்ளி இருந்தது.

பாவசங்கீர்த்தனக் கையேடுகள் இந்தக் கணக்கைப் பத்துக் கட்டளைகளின் வரிசையில் கேள்விகளாக்கின. கேள்வி வெளியிலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தன்னை அறிதல் என்பது அறையைச் சாத்திக்கொண்டு தானாக நிகழ்வதாக இங்கே ஒருபோதும் கருதப்படவில்லை. மற்றொருவர் கேட்க வேண்டும். பதில் மட்டும் தன்னுடையதாக இருக்க வேண்டும். அந்தப் பதில்களை நாம் படிக்க முடியாது. பாவசங்கீர்த்தன முத்திரை அவற்றைக் குருவின் காதோடு அடைத்துவிட்டது. இந்த வரலாற்றின் ஆவணக் காப்பகம் வேண்டுமென்றே காலியாக வைக்கப்பட்டது.

1658க்குப் பிறகு சேசு சபைக் குருக்கள் தூத்துக்குடியிலிருந்து வெளியேற்றப்பட்டபோது கேட்கும் காதும் போயிற்று. குரு இல்லாத இடத்தில், பின்னர் வாய்ப்புக் கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு கூடிய உத்தம மனஸ்தாபம் (கடவுள்மேல் கொண்ட அன்பால் பிறக்கும் மனத்துயர்) போதும் என்பது திருச்சபைப் போதனை. குருக்கள் உள்நாட்டிலிருந்து வந்து போன அந்தக் காலத்தில் ஆத்தும சோதனை எப்படி நடந்தது என்பதை ஊகிக்கத்தான் முடியும். ஊகம் இதுதான்: சடங்கு சுருங்கிய இடத்தில் தன்னாய்வின் பங்கு கூடியிருக்கும்.

சொற்களும் மாறின. ‘பாவசங்கீர்த்தனம்’ எந்த ஆண்டில் கொம்பெ–வை வென்றது என்று குறிக்க முடியவில்லை. 1606இல் சேசு சபைக் குரு நொபிலி மதுரைக்கு வந்தபின் வளர்ந்த வடமொழி நடையின் விளைவாக அதைக் கருத இடமுண்டு. பாவத்தை உரக்கச் சொல்லுதல் என்பது அச்சொல்லின் அழுத்தம். 1973இன் புதிய சடங்கு முறைக்குப் பின் வந்த ‘ஒப்புரவு அருட்சாதனம்’ திருக்குறளின் இருபத்திரண்டாம் அதிகாரத்துச் சொல்லை எடுத்துக்கொண்டு, அழுத்தத்தைச் சொல்லுதலிலிருந்து உறவுக்கு நகர்த்தியது. இத்தனை மாற்றத்திலும் ஆத்தும சோதனை என்ற தொடரில் ‘சோதனை’ நிலைத்தது. கிறிஸ்தவத் தமிழில் அதற்கு இரண்டு வேலை: தன்னைப் பரிசோதிப்பதும் சோதனைதான், பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதலும் சோதனைதான்.

கேள்வியும் வாக்குத்தத்தமும்

திருச்செந்தூர் சாலையில், ஸ்பிக் உர ஆலைக்கும் உப்பளங்களுக்கும் நடுவே கிடக்கும் முத்தையாபுரத்தில் விடியுமுன்பே கைபேசி விழித்துவிடுகிறது. சூரிய உதயத்தின்மேல் எழுதிய வசனம், நேரலைத் திருப்பலி, யாரோ ஒரு பிரசங்கியாரின் இரண்டு நிமிடத் துண்டு, ‘இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்’ என்ற பின்குறிப்பு. இவற்றில் பெரும்பங்கு வாக்குத்தத்தங்கள், அதாவது கடவுளின் வாக்குறுதியைச் சொல்லும் பைபிள் வசனங்கள். புத்தாண்டு இரவு ஆராதனையில் ஆண்டுக்கு ஒன்றாக எடுத்துப் பைபிளுக்குள் வைத்த வாக்குத்தத்த அட்டை இப்போது நாளுக்கு இருபது வருகிறது.

குறை எண்ணிக்கையில் இல்லை; கருவியிலும் இல்லை. 2011இல் அமெரிக்காவில் ஆயர் ஒருவரின் அனுமதியோடு ஐஃபோனுக்கு ஒரு பாவசங்கீர்த்தனச் செயலி வந்தது. கடவுச்சொல் வைத்துத் திறந்து, கட்டளை வாரியாகக் கேள்விகளைப் பார்த்துத் தன்னை ஆராய்ந்துகொள்ளலாம். செயலியிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது என்று வத்திக்கான் பேச்சாளர் லொம்பார்தி விளக்க வேண்டியிருந்தது. இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று 2002லேயே வத்திக்கான் ஆவணம் ஒன்று சொல்லியிருந்தது. இருந்தாலும் அந்தச் செயலி 1580இன் கொம்பெசியோனாயருவுக்குப் பேரப்பிள்ளை முறை. 2020 மார்ச்சில் கோயில்கள் அடைபட்டபோது உரோமை நினைவூட்டியதும் 1658இல் இந்தக் கரைக்குத் தேவைப்பட்ட அதே உத்தம மனஸ்தாபத்தைத்தான்.

ஆகவே ஊடகம் என்ற பெயரால் திரையையும் அச்சையும் ஒன்றாக வைத்துப் பழிப்பதில் பயனில்லை. கொம்பெசியோனாயரு ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிற்கும். வாசிப்பவர் பதில் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனால் அது வாசிப்பே ஆகாது. இன்று வரும் அட்டை பதிலையே கொடுத்துவிடுகிறது. நம்மிடம் கேட்பது, அடுத்தவருக்கு அனுப்பு என்பதை மட்டும். சோதனையின் இரண்டு பொருளில் முதலாவது ஓய்ந்து, இரண்டாவது மட்டும் கைக்குள் அதிர்ந்துகொண்டிருக்கிறது.

தொலைந்ததாகக் கருதப்பட்ட கொம்பெசியோனாயருவை 1980களில் நூலியலாளர் கிரகாம் ஷா அடையாளம் காட்டிய இடம் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகம். கரையில் ஒரு படியும் மிஞ்சவில்லை. எடுத்தெடுத்துப் படித்துத் தேய்ந்து போனதா, உப்புக்காற்றும் கரையானும் தின்றதா? முதலாவதுதான் என்று சொல்ல என் வாதம் ஆசைப்படுகிறது. ஓர் ஆய்வாளனாக அந்த ஆசையை மட்டுமே இங்கே பதிவு செய்ய முடியும்.