பிரமாணம் காட்டும் முறை: ஈட்டுப் பிரமாணத் திரட்டும் இன்றைய அடிக்குறிப்பும்

ஆய்வுக் கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்பில் ‘நாலாயிரம், 2791’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அது எந்தப் பாசுரம்? சிறிய திருமடலை 40 என்றும் பெரிய திருமடலை 78 என்றும் எண்ணி, இராமாநுச நூற்றந்தாதியின் 108 பாசுரங்களையும் கூட்டி நாலாயிரமாக்குவது ஒரு கணக்கு; வேதாந்த தேசிகர் பிரபந்தசாரத்தில் காட்டியருளியது இது. இதன்படி 2791 என்பது திருவரங்கத்தமுதனாருடைய முதற்பாசுரம். மடல்களை முறையே 77½, 148½ கண்ணிகளாகக் கொண்டு, நூற்றந்தாதியைச் சேர்க்காமலே நாலாயிரத்தை நிரப்புவது மற்றொரு கணக்கு. இதன்படி அதே எண் பெரிய திருமடலின் முற்பகுதியில் உள்ள ஒரு கண்ணியைச் சுட்டும். திருமங்கையாழ்வாரின் வாக்கா, அமுதனாரின் வாக்கா என்பதே ஐயமாகிவிடுகிறது.

இரு கணக்கிலும் இந்தப் பகுதி நிரப்பும் இடம் 226 என்பதால் திருவாய்மொழி இரண்டிலும் 2899இலேயே தொடங்குகிறது. திருவாய்மொழியை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் இரண்டு கணக்கும் ஒன்றென்றே எண்ணிவிடுவார். மடல்களை ஒவ்வொன்றும் ஒரே பாட்டாகக் கொண்டு, நூற்றந்தாதியை இறுதியில் வைத்து எண்ணினாலோ திருவாய்மொழி 2675இல் தொடங்கும். தொடரெண்ணை மட்டும் எழுதுகிறவர் எந்தக் கணக்கைப் பின்பற்றினார் என்பதைச் சொல்லாவிடில், அவர் எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நம் பூர்வாசாரியர்கள் இத்தகைய எண்களைக் கையாளவில்லை. சுலோகத்தின் அல்லது பாசுரத்தின் முதற்சொற்களை, சில இடங்களில் நடுவிலுள்ள ஒரு தொடரை மட்டும் எடுத்து, ‘என்கிறபடியே’ என்றோ ‘என்னக்கடவதிறே’ என்றோ தம் வாக்கியத்தோடு பொருத்திவிடுவர். மேற்கோள் வேறு, வியாக்கியானம் வேறு என்று பிரித்தெடுக்க இயலாதபடி ஒன்றோடொன்று கலந்து நிற்கும். ஸ்ரீராமாயணமும் ஸ்ரீவிஷ்ணுபுராணமும் உபநிஷத்துகளும் அருளிச்செயலும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வருவதுண்டு. கேட்டிருந்த கோஷ்டிக்கு அவை மனப்பாடம்; முதற்சொல் செவியில் விழுந்த அளவில் முழுச் சுலோகமும் நெஞ்சில் தோன்றும். அவர்களிடம் காண்டம், சர்க்கம், சுலோக எண் என்று சொல்வது மிகையாகவே இருந்திருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுலோகத்திற்கு இடம் சொல்லாத அதே வியாக்கியானங்கள், பொருளுக்கு உரியவரைச் சொல்லத் தவறுவதில்லை. இது ஆளவந்தார் நிர்வாகம், இப்படி எம்பெருமானார் அருளிச்செய்வர், இது பட்டர் அருளிச்செய்த வார்த்தை என்று ஈட்டில் பல இடங்களில் காண்கிறோம். எல்லோரும் அறிந்த நூலுக்கு முகவரி வேண்டா. ஒருவர் திருவாயிலிருந்து பிறந்த பொருளுக்கு அவர் பெயர் வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட முறை.

இம்முறை எத்துணைக் கண்டிப்பானது என்பதற்குத் திருமாலையாண்டான் வரலாறே சான்று. ஆளவந்தாரிடம் தாம் கேட்டபடியே ஆண்டான் திருவாய்மொழிப் பொருளை எம்பெருமானாருக்கு உரைத்துவந்தார். 2-3-3ஆம் பாசுரத்தில் எம்பெருமானார் வேறொரு பொருளை விண்ணப்பிக்க, ஆளவந்தாரிடம் கேட்டறியாத அதனை ‘விசுவாமித்திர சிருஷ்டி’ என்று சொல்லி ஆண்டான் உபதேசத்தையே நிறுத்திவிட்டார். பின்னர்த் திருக்கோட்டியூர் நம்பி, இப்பொருளையும் ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று சாட்சி சொன்ன பிறகே உபதேசம் தொடர்ந்தது. பொருள் நன்றா என்று எவரும் அங்கு வினவவில்லை. யாரிடம் கேட்டது என்பதே வினா. மூலம் காட்டப்படாத கருத்தை ஏற்க மறுத்த ஆண்டானை இக்காலத்தார் சிலர் பிடிவாதக்காரராகக் காட்டுவது எனக்கு உடன்பாடன்று.

கோஷ்டியின் நினைவை நம்பி நின்ற இந்த முறைக்கு, நூல் ஏட்டில் ஏறியபோது ஒரு சங்கடம் நேர்ந்தது. நம்பிள்ளை காலட்சேபத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்த, அது ஈயுண்ணி மாதவப் பெருமாள் தொடங்கி ஓராண் வழியாக நாலூராச்சான் பிள்ளை, திருவாய்மொழிப் பிள்ளை வரை வந்து மணவாள மாமுனிகளை (1370–1443) அடைந்தது. கேட்டவர்கள் அனைவரும் மறைந்த பின்னும் மேற்கோள்கள் முதற்சொற்களாகவே நின்றன. மாமுனிகள் ஈட்டிற்கும், ஸ்ரீவசனபூஷணம், தத்துவத்திரயம் முதலான கிரந்தங்களுக்கும் பிரமாணத் திரட்டு அருளியது இந்தக் குறையை நிரப்பவே என்று கருதுகிறேன். நம் சம்பிரதாயத்தில் மேற்கோள் விளக்கப் பட்டியல் என்று சொல்லத்தக்கது இது. ஆசாரியர் எடுத்தாண்ட வாக்கியம் இன்னது என்று காட்டும் இத்தொண்டு, புதிய வியாக்கியானம் இயற்றுவதினும் பணிவு மிக்கது. உழைப்போ சிறிதும் குறைந்ததன்று. அந்த மாமுனிகளே உபதேசரத்தினமாலையில் திருவாய்மொழியின் ஐந்து வியாக்கியானங்களையும் செய்தவர் பெயரோடு வைத்ததும், ஈடு கைமாறி வந்த வழியைப் பதிவுசெய்ததும் அதே நோக்குடையன. முன்னோரிடம் கேளாமல் தமக்குத் தோன்றியதைச் சொல்லிச் சம்பிரதாயம் என்பாரை அவர் அந்நூலில் கடிந்துரைத்தது யாவரும் அறிந்தது.

இனி நம் கட்டுரைகளுக்கு வருவோம். திருவாய்மொழிக்கும் பெரிய திருமொழிக்கும் பத்து, பதிகம், பாட்டு என்ற மூன்றெண் முறையே உறுதியானது. எந்தப் பதிப்பிலும் மாறாது. திருமடல்களுக்குக் கண்ணியின் முதற்சொல்லைத் தருவதே தக்கது. ஈட்டைச் சுட்டும்போது பக்க எண் மட்டும் போதாது. தெலுங்கு எழுத்தில் அச்சான பழம்பதிப்பை வைத்திருப்பவருக்கும், பு. ரா. புருஷோத்தம நாயுடுவின் ஈட்டின் தமிழாக்கத்தை வைத்திருப்பவருக்கும் ஒரே பக்கம் கிடைக்காது. ‘ஈடு, 2-3-3, அவதாரிகை’ என்றோ, பாசுரத்தின் எந்தச் சொல்லுக்கான வியாக்கியானம் என்றோ எழுதிவிட்டால், இருவரும் அதே இடத்தைக் காண்பர். பக்க எண்ணை அதற்கு மேல் சேர்ப்பதில் தடையில்லை.

ஸ்ரீபாஷ்யத்திற்கும் இவ்வெச்சரிக்கை உண்டு. எம்பெருமானார் பிரம்ம சூத்திரங்களை 545ஆகக் கொள்கிறார். சங்கரரின் எண்ணிக்கை 555. அத்தியாயம், பாதம், சூத்திரம் என்று மூன்றெண் தந்தாலும், அது ஸ்ரீபாஷ்ய பாடத்தின் எண் என்று ஒருமுறையேனும் குறிக்காவிடில் வாசகர் பக்கத்துச் சூத்திரத்தில் போய் நிற்பார்.

இவை எல்லாவற்றினும் பெரிய பிழை ஒன்று உண்டு. போதாயன விருத்தி இன்று நமக்குக் கிடைப்பதில்லை. ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் எடுத்தாண்ட சில வாக்கியங்கள் வழியாகவே அதனை அறிகிறோம். டங்கர், திரமிடர் ஆகியோருடைய வாக்கியங்களும் பெரும்பாலும் இவ்வாறே வந்தவை. அவற்றைத் தாமே கண்டெடுத்ததுபோல் ‘போதாயன விருத்தி’ என்று மட்டும் அடிக்குறிப்பிடுவது, மூலத்தை நேரே பார்த்ததாக வாசகரை நம்பச் செய்வதாகும். ‘ஸ்ரீபாஷ்யத்தில் எடுத்தாளப்பட்ட விருத்தி வாக்கியம்’ என்று எழுத இரண்டு சொற்கள் கூடுதலாகும், அவ்வளவே. திருக்கோட்டியூர் நம்பியும் தாம் கேட்டதைத் தான் கேட்டதாகச் சொன்னார்.