அடுப்படியில் தொடங்கும் மாசு: நுண்துகள் ஆய்வில் விழுப்புரம் வட்டாரத்தின் இடம்

விழுப்புரம் மாவட்டக் கடலோர ஊரான பொம்மையார்பாளையத்தில் நின்று காற்று மாசு பற்றிப் பேசினால் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். பிற்பகலானால் கடற்காற்று ஊருக்குள் புகுந்துவிடும். அந்தக் காற்றிலும் துகள் உண்டு; உடையும் அலையிலிருந்து தெறிக்கும் உப்பு அது. பெரும்பாலும் பருமனான துகள் என்பதால் மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கி, இதயத்தையும் பாதிப்பது 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள். சவுக்கு விறகு எரியும் அடுப்பு அதை ஏராளமாகக் கக்குகிறது.

1952 டிசம்பரில் லண்டனை மூடிய நிலக்கரிப் புகையைத்தான் பாடநூல்கள் முதலில் சொல்லும். இந்தியாவுக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் அதே பத்தாண்டில் டெல்லியில் இருக்கிறது. நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்த நோயாளிகளை ஆராய்ந்த இதய மருத்துவர் எஸ்.பத்மாவதி, புகைபிடிக்காத பெண்களிடமும் அந்நோய் மிகுந்திருப்பதைக் கண்டார். விறகும் வரட்டியும் எரியும் அடுப்பின் மேல் அவருக்குச் சந்தேகம் விழுந்தது. ஆனால் புகையை அளக்கக் கருவியோடு யாரும் அடுப்படிக்குள் போகவில்லை. 1981இல் கிர்க் ஸ்மித்தும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே அளவுக்கருவியைப் பொருத்தினார்கள். காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். அதன் பார்வை ஆலைகள்மீது இருந்தது, அடுப்புமீது இல்லை. 2009இல் நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தபோதும், அது வெளிக்காற்றுக்கான வரம்பாகவே இருந்தது.

அடுப்புப் புகை கூரையோடு நிற்பதில்லை. 1999 சனவரி முதல் மார்ச் வரை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வி.ராமநாதனும் பால் குருட்சனும் தலைமையேற்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வு, நிலத்திலிருந்து கடல்மேல் நகரும் பழுப்புப் புகைப்படலத்தை விரிவாக அளந்தது. அதிலுள்ள கரித்துகள் வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது. கடலை எட்டும் வெயிலோ குறைகிறது. கடல்நீர் ஆவியாவதும் பருவமழையும் இதனால் தளரலாம் என்று ராமநாதன் பின்னர் வாதிட்டார்.

உடல்நலச் சான்றுகளில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டனர்: நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைந்திருந்தது. ஒரு குழந்தைக்கு இது அற்பம். ஒரு மாவட்டத்துக்கே கணக்கிட்டால் அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்த ஆய்வுதான் என் கவனத்தை அதிகம் ஈர்ப்பது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில், நாட்டுக்குச் சுமார் 800 கர்ப்பிணிகள். இந்தியக் களங்கள் நாகப்பட்டினமும், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியும். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசம். மற்றவர்கள் வழக்கம்போல் விறகில் சமைத்தார்கள். நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்க்கையில், விறகு வீடுகளில் கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு ஏறத்தாழ 71 மைக்ரோகிராம், எரிவாயு வீடுகளில் 24. இவ்வளவு குறைந்தும் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2022இல் முடிவு வந்தது.

எரிவாயுவால் பயனில்லை என்று இதைப் படிப்பது அவசரம். அடுப்பு கைக்கு வந்தபோது கருவுக்கு ஒன்பது வாரமாவது ஆகியிருந்தது; முதல் மாதங்களின் புகை ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. எஞ்சிய 24கூட, உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஆண்டு வரம்பான 5ஐப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஒரு வீடு அடுப்பை மாற்றினாலும் பக்கத்து வீட்டு விறகும் தெருமுனைக் குப்பைத் தீயும் அதே காற்றில்தான் கலக்கின்றன. ஆகவே வீடு வீடாக அல்ல, ஊர் ஊராக மாற்றிப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல முடியும் என்பது என் கருத்து.

2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் இன்று 130 நகரங்களை எடுத்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அவை சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. விழுப்புரம் மாவட்டத்தின் ஓர் ஊரும் அதில் இல்லை.