குழந்தைகளின் நெஃப்ரோடிக் நோயும் பிரட்னிசோலோன் அளவும்: ஒரு வரலாறு

சிறுநீரகத்தின் வடிகட்டியில் ஏற்படும் பழுதால் இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் பெருமளவு வெளியேறும் நிலை நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் எனப்படுகிறது. காலையில் கண்ணிமை வீங்குவது இதன் முதல் அறிகுறியாகப் பெரும்பாலும் அமையும். பின்னர் காலும் வயிறும் வீங்கும். குழந்தைகளுக்கு வரும் இந்நோயின் முதன்மை மருந்து பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு ஆகும். இம்மருந்தை எவ்வளவு, எத்தனை வாரங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடும் முயற்சி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து வருகிறது.

ஸ்டீராய்டுக்கு முன்

ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்நோயுற்ற குழந்தைகள் பலர் தொற்றுகளால் இறந்தனர். நிமோகாக்கஸ் கிருமி வயிற்று உறையைத் தாக்குவது அவற்றுள் முக்கியமானது. சல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் இறப்பைக் குறைத்தாலும் நோயைத் தணிக்கவில்லை. தட்டம்மை கண்ட சில குழந்தைகளுக்கு வீக்கம் தானாக வடிந்ததை 1940களில் மருத்துவர்கள் பதிவு செய்தனர். நோயெதிர்ப்பு அமைப்புக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதற்கான குறிப்பாக இது அமைந்தது.

1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார். விரைவில் அது நெஃப்ரோடிக் குழந்தைகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. 1950களின் நடுவில், உப்பையும் நீரையும் உடலில் குறைவாகத் தேக்கும் பிரட்னிசோனும் பிரட்னிசோலோனும் வந்தன. கிளாஸ்கோ நகரின் கேவின் ஆர்னீல் 1956இல் குழந்தைகளிடம் இவற்றின் பயனை வெளியிட்டார்.

60ம் 40ம்

1960களில் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வோர் அளவைக் கையாண்டதால் முடிவுகளை ஒப்பிட முடியவில்லை. இதற்குத் தீர்வாக, ஹென்றி பார்னெட் முன்னின்று அமைத்த பன்னாட்டுக் குழந்தைச் சிறுநீரக நோய் ஆய்வுக் குழு ஒரு பொது முறையை வகுத்தது. முதல் 4 வாரங்கள் நாள்தோறும் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 60 மி.கி., அடுத்த 4 வாரங்கள் வாரத்தில் 3 நாட்கள் மட்டும் 40 மி.கி. என்பது அம்முறை. இவ்வெண்கள் ஒப்பீட்டு ஆய்வில் கண்டறியப்பட்டவை அல்ல. மருத்துவர்களின் அனுபவத்தாலும் உடன்பாட்டாலும் வந்தவை. ஆயினும் அவற்றின் தாக்கம் இன்றும் நீடிக்கிறது. இக்குழு 1981இல் வெளியிட்ட முடிவின்படி, 471 குழந்தைகளுள் ஏறத்தாழ 78 விழுக்காட்டினருக்கு 8 வாரங்களுக்குள் நோய் தணிந்தது.

எத்தனை வாரங்கள்?

நோய் தணிந்த குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு அது மீண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதால் முகம் உப்புதல், உடல் பருமன், உயர் இரத்த அழுத்தம், வளர்ச்சிக் குறைவு, கண்புரை ஆகிய பக்கவிளைவுகள் சேர்ந்தன. முதல் முறையே நீண்ட காலம் கொடுத்தால் மீள்வரவு குறையுமா என்ற கேள்வி எழுந்தது. 8 வாரங்களைவிட 12 வாரங்கள் (6 வாரம் தினமும், 6 வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள்) நல்ல பலன் தருவதாக ஜெர்மானிய ஆய்வு 1993இல் கூறியது. இந்திய நிபுணர் குழு 2001இல் இதையே ஏற்றது.

ஆறு மாதம் கொடுத்தால் இன்னும் நல்லது என்று சில சிறு ஆய்வுகள் கூறின. இதைச் சோதிக்க, டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பிற மையங்களுடன் சேர்ந்து 181 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. 3 மாதமும் 6 மாதமும் மீள்வரவில் வேறுபாடு காட்டவில்லை. பிரிட்டனில் 237 குழந்தைகளிடம் 8 வாரத்தையும் 16 வாரத்தையும் ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வும், நீட்டிப்பதால் முதல் மீள்வரவு தள்ளிப்போவதில்லை என்றது.

எடையா, உடற்பரப்பா?

உடற்பரப்பைக் கணிக்க உயரமும் எடையும் வேண்டும். பல மருத்துவர்கள் எடையை மட்டும் கொண்டு ஒரு கிலோவுக்கு 2 மி.கி. என்று கொடுக்கின்றனர். இரண்டும் ஒன்றல்ல. 15 கிலோ எடையும் 100 செ.மீ. உயரமும் உள்ள குழந்தைக்கு எடைக் கணக்கில் 30 மி.கி., உடற்பரப்புக் கணக்கில் ஏறத்தாழ 39 மி.கி. வரும். குழந்தை 30 கிலோவை நெருங்கும்போது இவ்வேறுபாடு ஏறக்குறைய மறைகிறது.

குறைந்த அளவு போதுமா என்பதைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். செஞ்சிக் கோட்டை ஊரிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள இம்மருத்துவமனை, புதுச்சேரியைச் சுற்றியுள்ள தமிழக மாவட்டங்களுக்கும் உயர்சிகிச்சை மையமாகும். இரு முறைகளிலும் நோய் தணிய ஏறத்தாழ ஒரே கால அளவுதான் ஆயிற்று. எடைக் கணக்கில் கொடுக்கப்பட்டவர்களின் உடலில் சேர்ந்த மொத்த மருந்து குறைவு. எடை பார்க்கும் கருவி மட்டுமே உள்ள சிற்றூர் மருத்துவமனைக்கும் பொருந்தும் முடிவு இது.

சளிக் காய்ச்சலும் மீள்வரவும்

சளி, இருமலைத் தொடர்ந்து நோய் திரும்புவது வழக்கம். இலங்கையின் பேராதனையைச் சேர்ந்த அபேகுணவர்தன, சளி கண்டவுடன் சில நாட்கள் தினமும் பிரட்னிசோலோன் கொடுத்தால் மீள்வரவு குறைவதாக 2008இலும் 2017இலும் காட்டினார். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 2022இல் அப்பயனை உறுதி செய்யவில்லை.

இன்றைய நிலை

இந்தியக் குழந்தைச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல், முதல் முறை நோய்க்கு 6 வாரம் தினமும் கிலோவுக்கு 2 மி.கி. (உச்ச அளவு 60), அடுத்த 6 வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் 1.5 மி.கி. (உச்ச அளவு 40) என வரையறுக்கிறது. மீள்வரவின்போது, தொடர்ந்து மூன்று நாள் சிறுநீரில் புரதம் நின்ற பின் தினசரி மருந்து ஒன்றுவிட்டு ஒரு நாளாக மாற்றப்பட்டு 4 வாரம் தொடர்கிறது. ஆகவே காலைச் சிறுநீரை வீட்டிலேயே சோதித்துக் குறிப்பேட்டில் எழுதும் பெற்றோரும் மருந்தளவைத் தீர்மானிப்பதில் பங்கு கொள்கின்றனர். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. அட்ரினல் சுரப்பி தன் சொந்தச் சுரப்பை மீட்கக் காலம் வேண்டும்.

நீட்டிக் கொடுப்பதே நல்லது என்று தொடங்கிய இத்தேடல், நோயைத் தணிக்கப் போதுமான மிகக் குறைந்த அளவு எது என்ற கேள்விக்கு வந்து சேர்ந்துள்ளது.